கொசுவின் வயிற்றுக்குள் ஒரு ரகசியம்



கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்ததும் கெடிலம் ஆறு நிறைந்து ஓடும். தெருவோரப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். சில நாட்கள் போனதும், விளக்கு வைக்கிற நேரத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் காதருகே 'ஙொய்...' என்று ஒரு ரீங்காரம்! கையை ஓங்கிப் பட்டென்று அடிப்பீர்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தமும் கசங்கிய கொசுவும் ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள்.

ஆனால் ஒருவர் துடைத்துவிட்டுப் போகவில்லை. அந்தக் கொசுவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தார்! கடைசியில், கோடிக்கணக்கான மனிதர்களைக் கொன்ற ஒரு நோயின் ரகசியத்தை அந்தக் குட்டி வயிற்றுக்குள் கண்டுபிடித்தார். அவர்தான் சர் ரொனால்ட் ராஸ். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

ஓவியம் பிடித்த மருத்துவர்

ரொனால்ட் ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி இமயமலை அடுக்கில் இருக்கும் அல்மோரா என்ற ஊரில் பிறந்தார். இப்போது அந்த ஊர் உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அப்பா ஆங்கிலேய அரசின் இந்தியப் படையில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ராஸ்தான் மூத்தவர். எட்டு வயதில் அவரை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள்.

சிறுவன் ராஸுக்கு ஓவியம் வரையப் பிடிக்கும். கவிதை எழுதப் பிடிக்கும். இசையும் கணக்கும் பிடிக்கும். ஆனால் மருத்துவம் மட்டும் பிடிக்காது! அப்பாவோ, மகன் மருத்துவராகி இந்தியாவில் அரசுப் பணியில் சேர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அப்பாவின் சொல்லைத் தட்ட முடியாமல் 1874இல் லண்டனில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் ராஸ். வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் மனம் என்னவோ கவிதையிலும் இசையிலும்தான் இருந்தது. தேர்வில் ஒருமுறை தோற்கவும் செய்தார். கொஞ்ச காலம் கப்பலில் மருத்துவராக வேலை பார்த்தார். ஒருவழியாகத் தேறி, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்து இறங்கினார்.

கொஞ்ச நாளில் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அவர் தங்கியிருந்த வீட்டில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டியில் தண்ணீர் இருந்தது. அதற்குள் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். கொசுக்கள் குறைந்துபோயின! இந்தத் தண்ணீர்த் தொட்டியை மறந்துவிடாதீர்கள், குழந்தைகளே. கதையின் முடிவில் மறுபடியும் அது வரும்.

கெட்ட காற்றா, கொசுவா?

அந்தக் காலத்தில் மலேரியா என்றால் ஊரே நடுங்கும். உடம்பு தூக்கிவாரிப் போடும் அளவுக்குக் குளிர் வரும். பிறகு அனலாகக் காய்ச்சல் அடிக்கும். வியர்த்துக் கொட்டி இறங்கும். ஒரு நாள் விட்டு மறுபடியும் அதே குளிர், அதே காய்ச்சல். அதனால்தான் நம் பெரியவர்கள் இதை முறைக்காய்ச்சல் என்றார்கள். இதற்கு மருந்து இருந்தது. சின்கோனா மரப்பட்டையில் இருந்து எடுக்கும் கொய்னாதான் அது. நம் நீலகிரியிலேயே 1860களில் சின்கோனா தோட்டம் போட்டார்கள். ஆனால் நோய் எப்படி வருகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சதுப்பு நிலத்தில் இருந்து கிளம்பும் கெட்ட காற்றால் வருகிறது என்று நினைத்தார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள்!

1880இல் அல்ஜீரியா நாட்டில் வேலை பார்த்த லாவரன் என்ற பிரெஞ்சு மருத்துவர், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். நோய்க்குக் காரணம் அதுதான் என்றார். சரி, அந்த நுண்ணுயிர் ஒருவர் உடம்பில் இருந்து இன்னொருவர் உடம்புக்கு எப்படிப் போகிறது?

1894இல் ராஸ் விடுமுறையில் லண்டன் போனபோது பேட்ரிக் மேன்சன் என்ற மூத்த மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைச் சீனாவில் கண்டுபிடித்தவர் மேன்சன். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். ரத்தத்தில் இருக்கும் மலேரியா நுண்ணுயிரை அவர் ராஸுக்கு நுண்ணோக்கி வழியாகக் காட்டினார். அந்த நாளில் இருந்து ராஸின் மனதில் வேறு எதற்கும் இடமில்லை!

கடுகளவு வயிற்றை அறுப்பது எப்படி?

1895இல் இந்தியா திரும்பிய ராஸ், செகந்திராபாத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் ராணுவ மருத்துவமனை வேலை. மீதி நேரமெல்லாம் கொசுதான்.

முதலில் பாட்டில்களில் கொசுப்புழுக்களை வளர்ப்பார். அவை கொசுவாகிப் பறக்கத் தொடங்கியதும், மலேரியா நோயாளி ஒருவரைக் கொசு வலைக்குள் படுக்கச் சொல்லிக் கடிக்க விடுவார். கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டையிட ரத்தம் அதற்குத்தான் தேவை. கடிபட்டவருக்குக் கூலி உண்டு. ரத்தம் குடித்த கொசுவைத் தனியே வைத்திருந்து, சில நாள் கழித்துக் கொன்று அறுத்துப் பார்ப்பார்.

கொசுவை அறுப்பது என்ன சாதாரண வேலையா? நீங்களே யோசித்துப் பாருங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் ஒரு கொசு. இரண்டு கைகளிலும் இரண்டு மெல்லிய ஊசிகள். ஓர் ஊசியால் கொசுவின் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற ஊசியால் வால் நுனியை மெல்ல இழுக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் குடல் முழுதும் ஒரு நூல் போல வெளியே வரும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் நடுவில் அறுந்துவிடும்!

வெளியே வந்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒரு தனி உலகமே தெரியும். முதலில் மெல்லிய உணவுக் குழாய். அதை அடுத்து நீண்ட பை போன்ற இரைப்பை. கொசு குடிக்கும் ரத்தம் தேங்கும் இடம் இதுதான். இரைப்பை முடிகிற இடத்தில் கழிவை வெளியேற்றும் ஐந்து குழாய்கள், விரித்த விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். மார்புப் பகுதியில், தலைக்கு அருகே இரண்டு உமிழ்நீர்ச் சுரப்பிகள். ஒவ்வொன்றும் மூன்று இதழ்களாகப் பிரிந்திருக்கும். கொசு கடிக்கும்போது நமக்கு அரிப்பது இந்தச் சுரப்பியில் இருந்து வரும் எச்சிலால்தான்.

இரைப்பையின் சுவர் சின்னஞ்சிறு அணுக்களால் ஆனது. அவற்றை ஒவ்வொன்றாக ராஸ் பார்த்தார். ஒரு கொசுவுக்கே மணிக்கணக்கில் ஆகும். வெயில் காலத்தில் அறை அடுப்பு போலக் கொதித்தது. ஆனாலும் பங்கா இழுக்கச் சொல்ல முடியாது. காற்று அடித்தால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடுமே! நெற்றி வியர்வை பட்டுப் பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. கண்ணாடி வில்லையில் கீறல் விழுந்தது. அப்படியும் அவர் விடவில்லை.

பலன்? ஒன்றுமில்லை! நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்தும் மலேரியா நுண்ணுயிரின் சுவடே தெரியவில்லை.

ஏன் தெரியுமா? ராஸ் தவறான கொசுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அறுத்தவை சாம்பல் நிறக் கொசுக்களும் உடம்பில் வரி போட்ட கொசுக்களும். இன்று நாம் க்யூலெக்ஸ், ஏடிஸ் என்று அழைக்கும் இனங்கள் அவை. அவற்றின் வயிற்றில் மனிதரைத் தாக்கும் மலேரியா வளராது. ஆனால் இது அப்போது உலகில் யாருக்கும் தெரியாதே!

சீகூரில் ஒரு காய்ச்சல்

1897 ஏப்ரலில் விடுமுறை எடுத்துக்கொண்டு ராஸ் ஊட்டிக்கு வந்தார். ஓய்வெடுக்கவா? இல்லை. ஊட்டிக்குக் கீழே இருக்கும் சீகூர் மலைப்பாதைப் பகுதியில் மலேரியா அதிகம் என்று கேள்விப்பட்டு, அதை ஆராய அங்கே போனார். போனவரை மலேரியாவே பிடித்துக்கொண்டது! குளிரும் காய்ச்சலும் என்ன பாடுபடுத்தும் என்பதை அவர் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டது நம் நீலகிரி மலையடிவாரத்தில்தான்.

உடம்பு தேறியதும் மறுபடியும் செகந்திராபாத். அந்த ஆகஸ்டில், கொசு பிடிக்க அமர்த்தியிருந்த ஆட்களில் ஒருவர் ஒரு பாட்டிலில் புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருந்து வந்த கொசுக்கள் புது மாதிரியாக இருந்தன. பழுப்பு நிறம். இறக்கையில் புள்ளிகள். உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு, தலைகீழாக நிற்பது போல உட்கார்ந்தன. இன்று இவற்றை அனாஃபிலிஸ் கொசு என்கிறோம்.

ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியை அந்தக் கொசுக்கள் கடித்தன. ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. பத்துக் கொசுக்கள் கடித்ததற்குப் பத்து அணா கிடைத்தது அவருக்கு.

ஆகஸ்ட் 20: கறுப்புப் புள்ளிகள்

அடுத்த சில நாட்களில் அந்தக் கொசுக்களில் சில செத்துப்போயின. சிலவற்றை அறுத்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. மிஞ்சியவை மிகச் சிலதான்.

1897 ஆகஸ்ட் 20. கொசுக்கள் ரத்தம் குடித்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. காலையில் இருந்து நுண்ணோக்கியைப் பார்த்துப் பார்த்து ராஸின் கண்கள் சோர்ந்துபோயிருந்தன. மதியம் இன்னும் ஒரு கொசுவை எடுத்தார். இரைப்பையை வெளியே இழுத்து, அதன் சுவரை ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கிட்டத்தட்ட முழுவதும் பார்த்தாகிவிட்டது. வழக்கம் போல ஒன்றுமில்லை. எழுந்துவிடலாமா என்று தோன்றும் நேரம்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இரைப்பைச் சுவரில் வட்டமாக ஓர் அணு. ஒரு மில்லிமீட்டரை 80 பங்காக்கினால் ஏறத்தாழ ஒரு பங்கு அளவுதான் இருக்கும். கொசுவின் வயிற்றில் இருக்கும் மற்ற அணுக்களைப் போல அது இல்லை. அதற்குள் கறுப்பாகச் சில பொடித் துகள்கள் தெரிந்தன. இன்னும் தேடினார். அதே மாதிரி இன்னொன்று! அப்புறம் இன்னொன்று!

அந்தக் கறுப்புத் துகள்களைக் கண்டு அவர் ஏன் துள்ளினார்? மலேரியா நுண்ணுயிர் நம் ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து, அதில் இருக்கும் சிவப்புப் பொருளைத் தின்னும். தின்றது போக மிச்சம்தான் அந்தக் கறுப்புத் துகள். கொசுவின் சொந்த அணுக்களில் இப்படித் துகள் கிடையாது. திருடன் விட்டுப் போன காலடித் தடம் போல, அந்தத் துகள்கள் நுண்ணுயிரைக் காட்டிக்கொடுத்துவிட்டன!

ராஸ் அவசரப்படவில்லை. மறுநாள் மிச்சமிருந்த கொசுவை அறுத்துப் பார்த்தார். அதன் வயிற்றிலும் அதே உருண்டைகள். ஆனால் முந்தின நாள் பார்த்ததைவிடப் பெரியவை. அப்படியென்றால் அவை வளர்கின்றன, உயிருள்ளவை! மகிழ்ச்சி தாங்காமல் அன்று அவர் ஒரு கவிதை எழுதினார். சிறு வயது ஆசை எங்கே போகும்? அந்த ஆகஸ்ட் 20ஐத்தான் உலகம் இன்று கொசு நாள் என்று நினைவுகூர்கிறது.

சிட்டுக்குருவி சொன்ன மீதிக் கதை

பாதிக் கதைதான் தெரிந்திருந்தது. வயிற்றுக்குள் வளரும் அந்த உருண்டைகள் பிறகு என்ன ஆகின்றன? இதைப் பார்ப்பதற்குள் அரசு அவரை ராஜபுதனத்தில் இருந்த கெர்வாரா என்ற ஊருக்கு மாற்றிவிட்டது. அங்கே மலேரியா நோயாளிகளே இல்லை! ராஸ் நொந்துபோனார். மேன்சன் லண்டனில் பெருமுயற்சி எடுத்ததால், 1898 தொடக்கத்தில் கொல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய அனுமதி கிடைத்தது.

அங்கே வேறொரு சங்கடம். அது பிளேக் நோய் பரவிய காலம். ஊசி என்றாலே மக்கள் பயந்து ஓடினார்கள். ரத்தம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அதனால் ராஸ் பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் குருவிகளைக் கவனித்துக்கொண்டார், கொசுக்களை வளர்த்தார், இரவு பகல் பாராமல் கூடவே உழைத்தார்.

இம்முறை கொசுவின் உடம்பையே ராஸ் ஒரு வரைபடம் போல அலசினார். இரைப்பைச் சுவரில் இருந்த உருண்டைகள் நாளுக்கு நாள் பெருத்தன. ஒரு கட்டத்தில் வெடித்தன. உள்ளே இருந்து ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் வெளிவந்து கொசுவின் உடம்பெங்கும் பரவின. அவை கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன? தேடிக்கொண்டே போன ராஸ், 1898 ஜூலையில் விடையைக் கண்டார். அவை உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கூட்டமாக நிறைந்திருந்தன!

புரிகிறதா குழந்தைகளே? கெட்ட காற்றும் இல்லை, கெட்ட தண்ணீரும் இல்லை. வயிற்றில் பிறந்து, எச்சிலில் கலந்து, கடிக்கும்போது நம் ரத்தத்தில் இறங்கிவிடுகிறது நோய். நோயுள்ள குருவியைக் கடித்த கொசுக்களை நல்ல குருவிகளைக் கடிக்க விட்டார். அவற்றுக்கும் மலேரியா வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை!

பரிசும் பிணக்கும்

அதே 1898இன் இறுதியில் இத்தாலியில் கிராஸி என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும், மனிதரைத் தாக்கும் மலேரியாவை அனாஃபிலிஸ் கொசுதான் பரப்புகிறது என்று முழுமையாக நிறுவினார்கள். யார் முதலில் கண்டுபிடித்தது என்று ராஸுக்கும் கிராஸிக்கும் பெரும் சண்டை மூண்டது. கடைசிவரை அது தீரவில்லை. 1902இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் கிடைத்தது. இந்திய மண்ணில் பிறந்தவர்களில் நோபல் பரிசு பெற்ற முதல் மனிதர் இவரே. 1911இல் சர் பட்டமும் கிடைத்தது. 1932 செப்டம்பர் 16ஆம் தேதி லண்டனில் காலமானார்.

ராஸ் சட்டென்று கோபப்படுபவர். தன் உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று அடிக்கடி குறைபட்டுக்கொண்டவர். அது உண்மைதான். ஆனால் பாட்டிலில் புழு கொண்டுவந்து கொடுத்தவருக்கும், தன் உடம்பைக் கடிக்கக் கொடுத்த ஹுசேன் கானுக்கும், குருவி வளர்த்த முகமது பக்ஸுக்கும் எந்தப் பரிசும் மேடையேறி வரவில்லையே! அந்தப் புழு பாட்டில் வராமல் போயிருந்தால் ஆகஸ்ட் 20 ஏது? ராஸின் பெயரைச் சொல்லும்போது அவர்களையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபடியும் தண்ணீர்த் தொட்டி

பெங்களூர்த் தொட்டியை மறக்கவில்லையே? பிற்காலத்தில் ராஸ் தனக்குப் பிடித்த கணக்கைக் கையில் எடுத்தார். மலேரியாவை ஒழிக்கக் கொசுக்களை ஒன்றுவிடாமல் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்துவிட்டால் போதும், நோய் தானாக அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆக, தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பது சின்ன வேலை இல்லை!

உலகில் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் பேர் மலேரியாவால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் இருக்கும் சின்னக் குழந்தைகள். அவர்களைக் காக்க இப்போது இரண்டு தடுப்பூசிகள் வந்துவிட்டன. ஒன்றைப் புனேயில் இருக்கும் நிறுவனம் தயாரிக்கிறது. இந்தத் தடுப்பூசிகள் எதை எதிர்க்க நம் உடம்பைப் பழக்குகின்றன தெரியுமா? கொசுவின் எச்சிலோடு வருகிற அதே மெல்லிய இழைகளைத்தான்!

கடலூரில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி வந்துவிடும். அங்கே 1975இல் தொடங்கிய நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கொசுக்களையும் அவை பரப்பும் நோய்களையும் ஆராய்வதே அந்த மையத்தின் வேலை. ராஸ் தொடங்கிவைத்த பணி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. நாளைக்கு உங்களில் ஒருவர் அங்கே நுண்ணோக்கி முன் உட்காரலாம்.

அதற்கு முன்னால் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி சரியாக இருக்கிறதா? பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்பதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு... எதிலாவது தண்ணீர் நிற்கிறதா? குனிந்து பாருங்கள். புழு நெளிந்தால் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு, ராஸ் செய்தது போலவே கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள்!